பழுதும் நகையும்



நகைச்சுவை பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் நாடக மேடையிலிருந்தோ காப்பியத்திலிருந்தோ சான்று காட்டுவர். இவ்வுரைக்கு வாய்த்த சான்று வேறோர் இடத்தைச் சேர்ந்தது. அமெரிக்க நாட்டில் பழைய பேஸ்பால் அட்டைகளைச் சேகரிப்போர், தம்மிடமுள்ள கிழிந்த, மடிந்த, கறைபட்ட அட்டைகளைக் காட்டித் தமக்குள் பேசிக்கொள்ளும் வேடிக்கைப் பேச்சே அது. அற்பப் பொருள் எனத் தோன்றலாம். ஆயினும் ஒரு பொருளின் மதிப்பை யார் அறுதியிடுவது என்னும் வினா அவ்வேடிக்கையினுள் ஒளிந்திருக்கிறது.

முதலில் அட்டையை அறிதல் வேண்டும். முன்புறம் ஆட்டக்காரரின் வண்ணப்படமும், பின்புறம் விளம்பரமோ ஆட்டக் கணக்கோ கொண்ட சிறு அட்டை அது. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட்டுப் பெட்டிகளில் இட்டு வழங்கிய வரிசை மிகவும் புகழ்பெற்றது. அதில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை அங்குல அகலம், இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மிகுந்த உயரம். மென்மையான பெட்டி நசுங்காதிருக்க உதவும் தாங்கு அட்டையாகவும் அது பயன்பட்டது. புகைத்தவர் தந்தை, அட்டை போய்ச் சேர்ந்தது மகன் கைக்கு. பிற்காலத்தில் புகையிலையின் இடத்தைச் சூயிங்கம் பிடித்துக்கொண்டது. அப்போது அட்டை நேரடியாகவே சிறுவர் உடைமையாயிற்று.

சிறுவர் கைப்பட்ட பொருள் என்ன பாடுபடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சட்டைப்பையில் திணித்தனர். ரப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டினர். சுவரை நோக்கி வீசி, யார் அட்டை சுவருக்கு அண்மையில் விழுகிறது என்று பந்தயம் ஆடினர். சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கம்பிகளில் உரசும்படி துணிக்கவ்வியால் பொருத்தி, மோட்டார் வண்டி ஓடுவதுபோல் ஓசை எழுப்பினர். ஓர் ஆட்டக்காரர் வேறு அணிக்கு மாறிவிட்டால், அட்டையில் அச்சாகியிருந்த பழைய அணியின் பெயரை அடித்துவிட்டுப் புதிய பெயரை மையால் எழுதினர். இந்தத் திருத்தத்தில் எத்துணை உண்மைப்பற்று! இன்றைய சந்தையில் அந்த மைக்கோடு ஒரு பெருங்குற்றம்.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே சிறுவரும் அவருக்குப் பின் வந்தோரும் முதியோராகி மேசை முன் அமர்ந்து, அவ்வட்டைகளை எடுத்துப் பார்க்கின்றனர். வேடிக்கை அங்கேதான் தொடங்குகிறது. நடுவே ஆணித்துளை பட்ட அட்டையைக் காட்டி, "துளை நீங்கலாகப் புத்தம் புதியது" என்பார் ஒருவர். நான்கு முனைகளும் மழுங்கிய அட்டையை நீட்டி, "இனி இதைச் சக்கரத்தில் பொருத்த வேண்டியதில்லை, இதுவே சக்கரமாகிவிட்டது" என்பார் மற்றொருவர். நாய் கடித்த அட்டைக்கு நாயின் கையொப்பம் உண்டு என்பர். அடிபட்டது என்னும் பொருளில் இத்தகைய அட்டையைப் 'பீட்டர்' என அழைப்பர். ஆள் பெயரன்று, அடிபட்டுத் தேய்ந்த பழம்பொருளுக்கு அங்கே வழங்கும் செல்லப்பெயர். எல்லாவற்றினும் பழமையான வேடிக்கை தாயைப் பற்றியது. மகன் படிக்கவோ படையில் சேரவோ வீட்டை விட்டுப் போனபின், அட்டைகள் நிறைந்த காலணிப் பெட்டியைத் தாய் குப்பையில் எறிந்தாள் என்னும் கதை சொல்லாத சேகரிப்பாளர் அரியர். ஒரு தலைமுறைத் தாய்மார் முழுவதும் இப்பழியைச் சுமக்கின்றனர். இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும்: எல்லாத் தாயரும் பெட்டியைக் காத்து வைத்திருந்தால், அட்டைக்கு இன்றைய விலையே இராது. அதை எண்ணித் தாய்க்கு நன்றி கூறும் மகனை இன்னும் காணோம்.

எறிந்தவள் தாய் மட்டுமல்லள். டாப்ஸ் நிறுவனம் 1952-இல் வெளியிட்ட வரிசையின் இறுதிப் பகுதி, ஆட்டப்பருவம் முடியும் வேளையில் கடைக்கு வந்ததால் விலைபோகவில்லை. விற்காத கட்டுகளை 1960-இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அவ்வட்டையை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மிக்கி மேன்டிலின் அட்டை அந்தப் பகுதியைச் சேர்ந்தது. அதன் ஒரு பிரதி 2022-இல் 126 இலட்சம் டாலருக்கு விற்றது.

நகை பிறக்கும் நிலைக்களன் நான்கு என வகுத்தார் தொல்காப்பியர். எள்ளலும் இளமையும் அவற்றுள் அடங்கும். பிறரை எள்ளி நகுவதோடு, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுவதையும் எள்ளலில் சேர்ப்பார் உரைகண்ட பேராசிரியர். அட்டைக்காரரின் நகை மேலோட்டமாக நோக்கின் இவ்விரண்டாம் வகையாகவே தோன்றும். செல்வர் நல்ல அட்டையை வாங்க, தாம் பழுதானதை வாங்கித் தம்மைத் தாமே எள்ளுகின்றனர் எனலாம். ஆனால் உற்றுக் கேட்பின், இதன் வேர் இளமையில் இருப்பது புலனாகும். மடிப்பையும் கறையையும் கண்டு நகுபவர் அட்டையைப் பார்த்து நகவில்லை; அதை மடித்த சிறுவனைப் பார்த்து நகுகிறார். அச்சிறுவன் சிலவேளை அவரேதான்.

இந்நகைக்கு எதிரே நிற்பது எண். அட்டைகளை ஆய்ந்து ஒன்று முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தரும் நிறுவனங்கள் இன்று உண்டு. பத்து என்றால் குறையே இல்லை. ஒன்று என்றால் 'பூர்', அதாவது ஏழ்மை. இவ்வளவையில் ஒரு முரண் உள்ளது. எவரும் தொடாத, எவரும் விளையாடாத அட்டையே பத்துக்கு அருகில் செல்லும். மிகுதியும் விரும்பப்பட்டது மிகக் குறைந்த எண்ணைப் பெறும். இவ்வெண் பழுதை வெட்கமாக்குகிறது. வெட்கம் வந்தவிடத்துக் கத்தரிக்கோலும் வருகிறது.

ஒரே ஆட்டக்காரரின் இரண்டு அட்டைகள் இதை விளக்கும். பிட்ஸ்பர்க் அணியின் ஹோனஸ் வாக்னர் படம் தாங்கிய அட்டை, மேற்சொன்ன புகையிலை வரிசையில் மிக அரியது. அவர் ஒப்பாமையால் அதை அச்சிடுவது இடையில் நின்றது. சிறுவர் புகையிலை வாங்கக் கூடாதென்று மறுத்தார் என்பர் சிலர். உரிய பணம் தரப்படாமையால் என்பர் வேறு சிலர். எஞ்சியவை சில பத்து அட்டைகளே. அவற்றுள் ஒன்று 1991-இல் 451,000 டாலருக்கு ஏலம் போய், எட்டு என்னும் மதிப்பெண் பெற்று, முனை மழுங்காத அதிசயமாகப் போற்றப்பட்டது. 2007-இல் அதன் விலை 28 இலட்சம் டாலர். அதை முன்பு விற்றவரான பில் மாஸ்ட்ரோ, அதன் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதை 2013-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். அதிசயம் கத்தரியின் வேலை.

மற்றோர் அட்டை நாட்ரடாம் பள்ளிச் சகோதரிகள் என்னும் கன்னியர் சபைக்கு ஒருவர் தம் இறுதி முறியில் விட்டுச் சென்றது. அதன் மூன்று பக்க வெள்ளை ஓரங்களை யாரோ வெட்டியிருந்தனர். மடிப்பும் உண்டு. போதாக்குறைக்கு மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டப்பட்டிருந்தது. இத்தனையும் வெளிப்படையாகச் சொல்லப்பட்டே 2010-இல் அது ஏலத்துக்கு வந்து, 262,000 டாலர் ஈட்டித் தந்தது. வெட்டுப்பட்டவை இரண்டும்தான். ஒன்றன் வெட்டு மறைக்கப்பட்டது. மற்றதன் வெட்டைப் பார்த்து ஊரே நகைக்க முடிந்தது. பழுதைக் கேலி பேசும் பழக்கம் உள்ள கூட்டத்தில் பழுதை மறைக்க வேண்டிய தேவை குறைவு. 'துளை நீங்கலாகப் புதியது' என்பவன் துளையை முதலிலேயே சொல்லிவிடுகிறான் அல்லவா?

இவ்வேடிக்கைகளின் நடுவே ஜெபர்சன் பர்டிக்கின் பெயரும் அடிக்கடி வரும். நியூயார்க் மாநிலத்துச் சிரக்யூஸ் நகரில், மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தவர். அட்டை சேர்ப்பதில் பணம் பெரிதும் புழங்காத காலத்தில், தபாலட்டை, வணிக அட்டை, புகையிலை அட்டை என மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்தார். வகைப்படுத்தி எண்ணிட்டுப் பட்டியலும் அச்சிட்டார். அனைத்தையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்துக்கு நன்கொடையாக அளித்தார். பிறகு அங்கேயே ஒரு மேசை முன் அமர்ந்து, ஆண்டுக்கணக்கில், ஆல்பங்களில் அவற்றை ஒட்டினார். மூட்டுவாதத்தால் முடங்கிவந்த கைகள் அவருடையவை. விரல்கள் மடங்க மறுத்த நாளிலும் வேலை நடந்தது. 1963 சனவரியில் ஒட்டி முடித்தார். அவ்வாண்டு மார்ச்சில் மறைந்தார்.

ஆம், பசையால் ஒட்டினார். இன்றைய அளவையில் முதுகில் பசை பட்ட அட்டை அடிமட்ட எண்ணுக்குரியது. உலகின் தலைசிறந்த அட்டைத் தொகுப்பைக் கெடுத்தவர் அதைச் சேர்த்தவரே என்று சேகரிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பர். சிரித்து முடித்தவர் தம் கையிலுள்ள, முனை மழுங்கிய புகையிலை அட்டையை எடுத்துக் காட்டுகையில், அதை 'டி 206' என்றே குறிப்பிடுவார். அது பர்டிக் இட்ட எண்.