வரைபடத்தில் இல்லாத மனிதர்



என் அம்மா சித்தாள். அவர் கல் சுமந்து எழும்பிய கட்டடங்களில் ஒரு பொறியியல் கல்லூரியும் உண்டு. வகுப்பு தொடங்கிய பிறகு அவர் அதற்குள் போனதில்லை. அங்கே என்ன கற்பிக்கிறார்கள் என்பதே இந்த நினைவுப் பேருரையில் என் கேள்வி.

கட்டடப் பொறியியலும் கட்டடக்கலையும் படிப்பவர்கள் மலக்குழிக்கு வரைபடம் போடுகிறார்கள். நீளம், ஆழம், கொள்ளளவு எல்லாம் அதில் இருக்கும். அடைத்துக்கொண்டால் யார் இறங்குவது என்பது இருக்காது. எந்தச் சாதியிலிருந்து ஆள் வரும் என்பது ஊருக்கே தெரியும். அதனால் வகுப்பறை கேட்பதில்லை.

கையால் மலம் அள்ள ஆள் வைப்பதை 1993லேயே சட்டம் தடை செய்தது. 2013இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. மலக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்சநீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை.

மலக்குழியைச் சுத்தம் செய்ய ‘ஹோமோசெப்’ இயந்திரத்தைச் சென்னை ஐஐடி உருவாக்கியது. வரவேற்போம். ஆனால், வண்டி நுழையாத சந்தில் மறுபடியும் மனிதரைத்தான் இறக்குவார்கள். ஆகவே தெருவின் அகலமும் குழியின் வாயும் சாதிப் பிரச்சினைதான்.

முதல் தலைமுறையாக நகரமைப்பும் கட்டடக்கலையும் படிக்கவந்த தம்பி தங்கைகளே, உங்கள் ஆய்வை அந்தச் சந்திலிருந்து தொடங்குங்கள். அளவுநாடாவோடு போங்கள். குழிக்குள் இறங்கி மீண்டவர்களிடம் கேளுங்கள். ஆள் இறங்கத் தேவையில்லாத வரைபடத்துக்கு மட்டுமே மதிப்பெண் என்று உங்கள் துறையில் போராடுங்கள்.

ஜெய்பீம்.