படத்தின் பின்பக்கம்

(சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு மலருக்குப் பழைய படங்கள் தேவை என்று சங்கம் கேட்டதும் உங்களிற் பலர் அலுமாரிகளைக் கிளறியிருப்பீர்கள். நானும் கிளறினேன். பள்ளிக்கூடப் படம் ஒன்றுதான் கிடைத்தது; மற்றவை வீட்டுப் படங்கள்.

அவற்றுள் ஒன்று மலாயாவில் எடுத்தது. என் அம்மம்மாவின் தகப்பனார் அங்கே புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தவர். கோட்டும் தலைப்பாகையுமாக அவர் கதிரையில் இருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறார். பின்பக்கத்தில் 'நானும் பெண்சாதியும், கோலாலம்பூர், 1926' என்று மையால் எழுதியிருக்கிறது. அவருடைய கடிதங்கள் சிலவும் உண்டு. தம்பியின் படிப்பு, தோட்டத்து இறைப்பு, அனுப்பிய காசு எல்லாம் விபரமாக எழுதுவார். மனைவியைப் பற்றி, 'வீட்டில் சுகம்' என்பதோடு சரி. அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனால் அந்தப் பூட்டியின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அம்மம்மாவுக்கு நாலு வயதாக இருக்கும்போதே அவர் மலாயாவில் காலமாகிவிட்டார். பிறகு வந்தவர்களுக்கு அவர் 'மலாயா ஆச்சி' மட்டுமே.

பெயர் கிடைத்தது ஓர் உறுதியில்.

ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமை, சொத்தை முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரிக்கிறது. சீதனத்தைப் பெண்ணின் பெயரில் எழுதியாக வேண்டும். ஆகவே படமும் கடிதமும் மறந்த பெண், நொத்தாரிசு எழுதிய சீதன உறுதியில் தன் பெயரோடும், தகப்பன் பெயரோடும், காணியின் பெயரோடும், பரப்புக் கணக்கோடும் இருப்பாள். எங்கள் பூட்டியும் அப்படியே இருந்தார். கீழே கைவிரல் அடையாளமல்ல, உருண்டையான தமிழ்க் கையெழுத்து. எழுதத் தெரிந்தவர்தான். அவர் எழுதிய ஒரு கடிதத்தைத்தானும் எவரும் எடுத்து வைக்கவில்லை.

அந்த உறுதிக்கட்டு மிஞ்சியதும் அதிர்ஷ்டந்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது அம்மா அதைச் சீலையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தா. காணிக்காகப் பாதுகாத்தாவே தவிர, ஒருநாளும் பிரித்து வாசித்ததில்லை. அல்பங்கள் வீட்டோடு போயின. மலாயாப் படம் கொழும்பில் பெரியம்மாவிடம் இருந்தபடியால் தப்பியது. ஒரே பிரதியாக ஒரே இடத்தில் வைத்திருந்த ஏடுகளுக்கு என்ன நடந்ததென்று, 1981இல் எங்கள் நூலகம் எரிந்ததைக் கண்ட உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே படங்களைப் பிரதி எடுத்து இரண்டு மூன்று வீடுகளில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதுமென்று பிள்ளைகள் சொல்வார்கள். அதில் படத்தின் தெளிவு குறைந்துவிடும். பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால் அழுத்தாமல் பெயர்களை எழுதுங்கள். பேனை முன்பக்கம் வரை தடம் விடும். வயதானவர்களிடம் 'பழைய கதை சொல்லுங்கோ' என்றால் ஒன்றும் வராது. படத்தைக் கையில் கொடுத்து, 'இது ஆர், ஆச்சி?' என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கள் சங்கத்துக்கும் இதே சிக்கல்தான். கலியாணத்தோடு பெயர் மாறியபடியால் பழைய இடாப்பில் உள்ள பலரை எம்மாற் கண்டுபிடிக்க முடியவில்லை. வாசலில் ஒரு பதிவேடும், அடையாளம் தெரியாத வகுப்புப் படங்களும் வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் உங்களைக் கூப்பிட்ட பெயரை முதலில் எழுதுங்கள். இப்போதைய பெயரைப் பக்கத்தில் எழுதலாம். பென்சிலும் அங்கேயே இருக்கிறது.