மனத்திடமும் ஒரு பாடமா?

(மருத்துவமனை ஊழியர்களும் நர்சிங் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டருமல்ல, கம்பவுண்டருமல்ல. பள்ளியிறுதி தேறியதோடு கட்சி வேலைக்கு வந்துவிட்டவன். "ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு மனத்திடம் கற்பிப்பது எப்படி?" என்று பேசச் சொன்னபோது தயங்கினேன். பிறகு, எனக்குத் தெரிந்த ஒரு விவசாயத் தொழிலாளியின் மகள் சொன்னது நினைவுக்கு வந்தது.

அவள் நர்சிங் மாணவி. ஒரு நாள் இரவு டூட்டி. வார்டு முழுவதற்கும் ஒரு நர்ஸ், துணைக்கு இவள். விடியற்காலையில் ஒரு குழந்தை இறந்து போயிற்று. இவள்தான் துணி சுற்றித் தாயின் கையில் கொடுத்தாள். காலையில் முகம் கழுவுவதற்குள் எல்லோரையும் ஒரு ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். மனத்திடம் வளர்க்கும் வகுப்பாம்! கண்ணை மூடு, மூச்சை இழு, நல்லதையே நினை என்றார்கள். கண்ணை மூடினாள், தூங்கிவிட்டாள். தூங்கியதற்கு விளக்கம் எழுதி வாங்கினார்கள்!

தோழர்களே, மூச்சுப் பயிற்சி கெடுதல் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அன்று தேவைப்பட்டது தூக்கம். அதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல ஒரு மூத்த நர்ஸ்.

மில் தொழிலாளிக்கு இது நன்றாகப் புரியும். நூல் அறுந்துகொண்டே இருந்தால் சைடரைத் திட்டிப் பயனில்லை. பஞ்சின் தரத்தைப் பார்க்க வேண்டும், மெஷின் வேகத்தைப் பார்க்க வேண்டும், காற்றின் ஈரத்தைப் பார்க்க வேண்டும். மனிதன் அறுந்து போனால் மட்டும் "உனக்கு உறுதி போதாது" என்பதா? உலகச் சுகாதார ஸ்தாபனமே 2019-ல், வேலையால் மனம் சோர்ந்து கருகிப் போவது வேலையிடத்தின் தீராத நெருக்கடியிலிருந்து வருவது என்று விவரித்தது.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது? ஆள் பற்றாக்குறையிலிருந்து வருகிறது. போதனா மருத்துவமனையில் 3 படுக்கைக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் 5 படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. உங்கள் வார்டில் எண்ணிப் பாருங்கள்! பயிற்சி டாக்டர்களின் தொடர் பணி சாதாரணமாக நாளுக்கு 12 மணியைத் தாண்டக் கூடாது என்று மத்திய சர்க்கார் 1992-லேயே உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் கிடந்தது. 2024 ஆகஸ்ட் 9-ந் தேதி கல்கத்தாவில் ஒரு இளம் பெண் டாக்டர், நீண்ட பணிக்குப் பின் சற்றுப் படுத்த கருத்தரங்கக் கூடத்திலேயே பலாத்காரம் செய்து கொல்லப்பட்டார். பூட்டும் தாழ்ப்பாளும் உள்ள ஓய்வறை இல்லாத இடத்தில் மனத்திடம் என்ன செய்யும்?

"டாக்டர் கோட்னிஸ் தூங்காமல் உழைக்கவில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். சோலாப்பூரில் பிறந்த அந்த மாவீரர் 1938-ல் சீனம் சென்றார். யுத்த முனையில் இரவு பகலாகக் காயங்களுக்குக் கட்டுப் போட்டார். ஆனால் அவர் சேவை செய்தது மக்கள் படைக்கு. தாமே விரும்பிச் சென்றார். தோழர்கள் கூட நின்றார்கள். அப்படியும் 1942-ல், 32 வயதில் இறந்து போனார். இரும்பு மனிதன் என்று ஒருவன் இல்லை. தியாகம் வேறு, சுரண்டல் வேறு.

அப்படியானால் கற்பிக்க ஒன்றுமே இல்லையா? உண்டு. ஒரு சாவுக்குப் பிறகு கால் மணி நேரம் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். மூத்தவர்கள், தங்கள் கையும் ஒரு நாள் நடுங்கியதை இளையவர்களிடம் சொல்லுங்கள். அழுவது அவமானமல்ல, உதவி கேட்பது பலவீனமல்ல. தூக்கம் வராவிட்டால், நோயாளியைப் பார்த்தாலே எரிச்சல் வந்தால், அது உங்கள் குணக்கேடு அல்ல, அபாயச் சங்கு. உடனே சொல்லுங்கள், சிகிச்சை பெறுங்கள். இந்த வகுப்பு டூட்டி நேரத்திலேயே நடக்க வேண்டும்; தூக்கத்தைத் திருடி நடக்கக் கூடாது!

இன்னொரு பாடமும் உண்டு. 2017 நவம்பரில் தமிழ்நாட்டின் ஒப்பந்த நர்சுகள் சென்னையில் ஒன்றாக உட்கார்ந்து போராடினார்கள். 7,700 ரூபாய்ச் சம்பளத்தில் காலம் தள்ளிய பெண்கள் அவர்கள். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது வாபஸ் என்று அறிவிக்கப்பட்டது. "நான் தனியாக இல்லை" என்ற உணர்வை விடப் பெரிய மனத்திடம் எது?

கடைசியாக, மில்லிலும் வயலிலும் உழைக்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நாமும் தவறு செய்கிறோம். ஆஸ்பத்திரியில் ஊசி போடத் தாமதமானால் எதிரே நிற்கும் நர்சின் மீது பாய்கிறோம். அவள் நம் வீட்டுப் பெண். அவளிடம் கத்தாதீர்கள். "இந்த வார்டுக்கு ஏன் ஒரே ஒரு நர்ஸ்?" என்று நிர்வாகத்திடம் கேளுங்கள், சர்க்காரிடம் கேளுங்கள், அவளோடு சேர்ந்து நின்று கேளுங்கள். அன்றைக்கு அவளுக்கும் திடம் பிறக்கும். நமக்கும் நல்ல வைத்தியம் கிடைக்கும்.