மன்னார்ப் பெருக்கமரம்
(நிந்தவூரில் ஆற்றிய உரை)



நீரும் நெல்விலையும் பேச வேண்டிய மேடையில் மரத்தைப் பற்றிப் பேசுவதா என எண்ணுகிறீர்கள் போலும். இதுவும் நிலத்தைப் பற்றிய பேச்சேயாகும். முதலில் மன்னாருக்குச் சென்று பின்னர் நிந்தவூருக்கு வருவோம்.

மன்னார்த் தீவின் பள்ளிமுனையில் ஒரு பெருக்கமரம் நிற்கின்றது. அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 19 மீற்றர். உயரமோ அதிற் பாதியுமில்லை. பத்துப் பேர் கைகோத்தாலும் வளைக்க இயலாது. அதன் தாயகம் ஆபிரிக்கா. அராபிய வணிகர் கொணர்ந்து நட்டனர் என்பதும், ஒட்டகங்களுக்குத் தழை வேண்டி நட்டனர் என்பதும் வழிவழி வந்த செய்தி. 1477 என ஆண்டும் சொல்லப்படுகின்றது. ஆதாரம் கேட்டால் மரத்தையே காட்ட வேண்டியுள்ளது. இவ்வின மரமோ முதிர முதிர உள்ளே பொந்தாகும். வளையங்களை எண்ணி வயதறியவும் வழியில்லை.

அநுராதபுரத்து வெள்ளரசை நோக்குங்கள். தேவநம்பியதீசன் காலத்தில் சங்கமித்தை கொணர்ந்த கிளை என்று மகாவம்சம் எழுதி வைத்தது. 2,200 ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் வரலாற்றை நாடே அறியும். அதுவும் கடல் கடந்து வந்ததே; பெருக்கமரமும் கடல் கடந்து வந்ததே. ஒன்று வரலாறாயிற்று; மற்றொன்று பயணிகள் படம்பிடிக்கும் வேடிக்கைப் பொருளாயிற்று!

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். மன்னார்த் தீவு முஸ்லிம்களும் வெளியேறினர். அராபியக் கடல் வணிகத்தை நினைவூட்டும் மரம் மட்டும் அங்கேயே நின்றது. ‘தமிழ் பேசும் மக்கள்’ என மேடைதோறும் முழங்கும் நாம் இதனை மறைத்துப் பேசுதல் தகாது. பல்லாண்டுகள் கழித்து மீண்டவர்களிற் பலர், தம் காணி தமதே என்று மெய்ப்பிக்க அலைய வேண்டியதாயிற்று.

இனி நம் கரைக்கு வருவோம். அயலிலுள்ள மருதமுனையின் பெயரில் மருது, ஆலையடிவேம்பில் வேம்பு, மட்டக்களப்புப் புளியந்தீவில் புளி. வட்டையின் எல்லையை மரத்தாற் குறிப்பதும் நம்மவர் வழக்கமே. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, இக்கரையில் உயிர்களோடு வீட்டுப் பெட்டிகளிலிருந்த உறுதிகளும் போயின.

ஆதலால் எதிர்வரும் அறுவடை முடிந்ததும் ஒரு பதிவேடு தொடங்குமாறு வேண்டுகிறோம். பள்ளிவாசல் வளவு, பாடசாலை, வாய்க்காற் கரை, வட்டை ஆகிய இடங்களிலுள்ள முதுமரங்களை நெஞ்சளவு உயரத்தில் நாடா வைத்து அளவுங்கள். யார், எதன் நினைவாக நட்டனர் என முதியோரிடம் கேளுங்கள். செவிவழிச் செய்தியைச் செவிவழிச் செய்தி என்றே எழுதுங்கள். சட்டத்தரணிகள் பழைய உறுதிகளில் வரும் மரப்பெயர்களைத் திரட்டித் தரட்டும். ஆசிரியர்கள் படியெடுக்கட்டும். ஒரு படி பள்ளிவாசலிலும், ஒன்று பிரதேச செயலகத்திலும், மற்றொன்று கடலுக்கு எட்டாத் தொலைவில் ஓரிடத்திலும் இருக்கட்டும்.