சேரி தெரியாத கணக்கு



அங்கன்வாடிப் பிள்ளைகளின் எடையும் உயரமும் போஷன் டிராக்கர் செயலியில் ஏறுகின்றன. நம் பார்வைக்கு வருவதோ மாவட்டக் கணக்கு. அதில் சேரி தெரியாது.

நான் ஆய்வுக்குப் போன கிராமத்தில் மையம் ஊர்த்தெருவில் இருந்தது. எந்தப் பிள்ளை போகவில்லை, ஏன் என்று சேரித் தாய்மார்களே வீடுவீடாகக் கேட்டு நோட்டில் எழுதினார்கள். "தனியா உக்கார வைக்கிறாங்க" என்றது ஒரு குழந்தை. பல்கலைக்கழகத்திலிருந்து நான் கொண்டுபோன வினாத்தாளில் அதற்குக் கட்டமே இல்லை!

பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாவற்றிலும் அங்கன்வாடி வேண்டும் என்று 2004-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டோடு கிராம சபைக்குப் போனோம். தீர்மானம் ஏறியது, மையம் வரவில்லை. அந்தக் குழந்தை வரும் ஜூனில் நேராக ஒன்றாம் வகுப்புக்குப் போகிறது, பென்சில் பிடித்துப் பழகாமலே.