ஒரு மீட்டர் பாய்மரப் படகு: வாங்குவதா, கட்டுவதா?

(ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் பந்தயப் பாய்மரப் படகு ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பணம் வேண்டுமாம். "பொம்மைக்கு எதுக்குப்பா இவ்வளவு பணம்? அதில் நாலு பேருக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டலாமே!" என்று செயற்குழுவில் ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான். சும்மா இருந்த என்னைப் பிடித்து, "நீதான் இதில் கை வைத்தவன், நீயே பேசு" என்று விட்டுவிட்டார்கள்.

முதலில், இது பொம்மை அல்ல. இதில் மோட்டார் தள்ளுவதில்லை. காற்று மட்டுமே தள்ளுகிறது. ஜவ்வாது மலையை ஒட்டிய வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன், சென்னையின் நேத்ரா குமணன், வருண் தக்கர், கே.சி. கணபதி ஆகியோர் 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டினார்கள். அவர்களுக்கும் இந்தச் சின்னப் படகுக்கும் இயற்பியல் ஒன்றே.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது? அமெரிக்காவில் 1930-களில் பரவிய 'மார்பிள்ஹெட்' வகை 50 அங்குல நீளம் கொண்டது. அதில் விதிகள் தளர்வு. ஆகவே செலவுக்கும் எல்லை இல்லை. நம் மாணவர்களுக்குப் பொருத்தமானது 1988-இல் உருவான 'இன்டர்நேஷனல் ஒன் மீட்டர்' வகைதான். உடலின் நீளம் 1000 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மொத்த எடை 4000 கிராமுக்குக் குறையக் கூடாது. நீருக்குள் ஆழம் 420 மில்லிமீட்டர் வரை. கீலும் அதன் அடியில் தொங்கும் ஈயக் குண்டும் சேர்ந்து 2200 முதல் 2500 கிராம். உடலுக்குக் கார்பன் நார் கூடாது. மரமோ கண்ணாடி நாரோ போதும். ரேடியோவில் கட்டுப்பாடு இரண்டே இரண்டு: சுக்கான், பாய்க்கயிறு. பணக்காரர் வாங்கும் படகுக்கும் பட்டறையில் கட்டும் படகுக்கும் இடைவெளி அதிகமாகாமல் இருக்கத்தான் இத்தனை விதிகள்.

ஒரு மீட்டர் படகு தன் அலையைத் தானே தாண்ட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வேகம் வினாடிக்கு சுமார் 1.25 மீட்டர், அதாவது மணிக்கு நாலரை கிலோமீட்டர். காற்று பின்னாலிருந்து பலமாகத் தள்ளும்போதுதான் அதை மீறும். ஆகவே ஜெயிப்பது அதிக வேகத்தால் அல்ல; வேகம் குறையாமல் பார்த்துக்கொள்வதால்.

இந்த ஊர் கோலப்பன் ஏரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மலை சூழ்ந்த நீர்நிலையில் காற்று ஒரே திசையில் நிற்காது. திடீரென்று அடிக்கும், திடீரென்று அடங்கும். இத்தகைய இடத்துக்கு மிக அகலமான உடல் வேண்டாம். நீரோடு உராயும் பரப்பு கூடிவிடும். மிகவும் ஒடுக்கமும் வேண்டாம். காற்று அடித்தால் அதிகம் சாயும். நடுத்தர அகலமே நலம். பாய்களில் மூன்று அளவு உண்டு. பெரிய பாயின் உயரம் 1600 மில்லிமீட்டர், அடுத்தது 1180, கடைசி 880. காற்று கூடக்கூடச் சிறியதற்கு மாற வேண்டும். முதலில் பெரியதை மட்டும் செய்தால் போதும்.

கட்டும்போது எடைக் கணக்கே உயிர். 4000-இல் கீலும் குண்டும் 2400 என்று வைப்போம். சுக்கான் 75-க்குள். பாய்மரமும் பாயும் சுமார் 250. மிச்சம் 1275 கிராமில் உடல், மேல்தளம், ரேடியோ, வின்ச், பேட்டரி எல்லாம் அடங்க வேண்டும். குறைந்தால் பரவாயில்லை, எடைக்கட்டி வைத்து 4000 ஆக்கலாம். கூடினால் படகு ஆழ அமிழ்ந்து ஒவ்வொரு சுற்றிலும் பின்தங்கும்.

செய்முறை இதுதான். வரைபடத்தின் குறுக்குவெட்டுகளை ப்ளைவுட்டில் அறுத்து வரிசையாக நிறுத்துங்கள். அவற்றின் மேல் மெல்லிய மரப்பட்டிகளை ஒட்டி, மட்டமாகத் தேய்த்து, மெல்லிய கண்ணாடித் துணியும் எபாக்ஸியும் பூசுங்கள். பாய்க்குப் பாலியெஸ்டர் பிலிம் போதும். துண்டுகளை வளைவாக வெட்டி ஒட்டினால் வயிறு கிடைக்கும். ஈயம் உருக்கும்போது மட்டும் எச்சரிக்கை, தம்பிகளே! ஈயப் புகை விஷம். திறந்த வெளியில், முகக்கவசத்தோடு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். அச்சில் ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் கொதிக்கும் ஈயம் தெறிக்கும். வேலை முடிந்ததும் கை கழுவாமல் டீ குடிக்காதீர்கள்.

இனி அண்ணன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ரெடிமேட் படகு வாங்கினால் ஒரே படகுதான் வரும். ஒரு படகு தனியாக ஓடினால் அது பந்தயமே இல்லை. யார் பாயைச் சரியாக வைத்தார்கள் என்பது பக்கத்தில் இன்னொரு படகு போனால்தான் தெரியும். மரமும் ஈயமும் உள்ளூர்ச் சரக்கு. ரேடியோ, வின்ச், பாய் பிலிம் மட்டும் வாங்கினால் போதும். ஒரே அச்சட்டத்தில் இரண்டு உடல் செய்யலாம். மிச்சத்தை அண்ணன் சொன்ன பரீட்சைக் கட்டணத்துக்கே ஒதுக்குவோம்.

"நம்மால் செய்ய முடியுமா சார்?" என்று கேட்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இதே மலையில் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிற்கிறது. அதன் பெரிய கண்ணாடியை நம் நாட்டவரே பெங்களூரில் தேய்த்து மெருகேற்றினார்கள். 1986-இல் அதற்கு வைணு பாப்பு பெயர் சூட்டப்பட்டது. அந்தக் கண்ணாடியைத் தேய்த்த நாட்டில் ஒரு மீட்டர் மரத்தைத் தேய்க்க ஆள் இல்லாமலா போகும்?

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள்: படகு வாங்கித் தராதீர்கள். பழைய பட்டறையின் சாவியையும், ஒரு நல்ல தராசையும், இரண்டு படகுக்கான சரக்கையும் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து சொல்லித்தர நான் தயார். அடுத்த சந்திப்பில் இரண்டு படகும் ஒரே கோட்டிலிருந்து புறப்படட்டும். எது ஜெயித்தாலும் ஜெயிப்பது நம் கல்லூரிதான்.