கை தானாக நீளுமா?

(வானொலி மறையுரை)



"பேச்சு முத்திடுச்சு ஃபாதர், கை தானா நீண்டுடுச்சு." குடும்பத் தகராறுகளைப் பேசித் தீர்க்க உட்காரும்போது பங்குகளில் நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. மனிதர் என்றால் சண்டை வரும், சண்டை வந்தால் அடியும் விழும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். முதல் பாதி சரிதான். அந்தியோக்கியாவில் பவுல், பேதுருவையே முகத்துக்கு நேரே எதிர்த்தார். குரல் உயர்ந்திருக்கலாம், கை உயரவில்லை. ஸ்டுடியோக்கள் நிறைந்த வடபழனியில் வாழும் நமக்குத் தெரியும், சினிமாவில் ஓர் அடி விழுவதற்குக்கூட ஸ்டண்ட் மாஸ்டர் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்.

அருளாளர் ராணி மரியாவை நினைத்துப் பார்ப்போம். கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபை அருட்சகோதரி. மத்தியப் பிரதேசத்தின் உதய்நகரில், ஏழை விவசாயிகளும் பழங்குடி மக்களும் வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து விடுபட உழைத்தார். பகை வந்தது. ஏழைகளைக் கைவிட்டிருந்தால்தான் அந்தப் பகையை அவர் தவிர்த்திருக்க முடியும். 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் செல்லும் பேருந்தில் சமந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அவருக்கு வயது 41.

ஆயுள் தண்டனை பெற்ற சமந்தர் சிங், தம்மைத் தூண்டிவிட்டவர்களைப் பழிவாங்கும் எண்ணத்தோடு சிறையில் இருந்தார். அடுத்த கொலைக்கு மனம் தயாராகிவிட்டது. 2002-இல் ராணி மரியாவின் தங்கை, அருட்சகோதரி செல்மி பால், சிறைக்குச் சென்று அவர் கையில் ராக்கி கட்டினார். கத்தி பிடித்த கை அது. குடும்பத்தாரும் மன்னித்து, அவர் விடுதலைக்குத் துணைநின்றார்கள். 2006-இல் வெளியே வந்தார். கவனியுங்கள், மன்னித்த குடும்பம் நடந்தது குற்றமே அல்ல என்று சொல்லவில்லை. 11 ஆண்டுகள் அவர் சிறையில் இருந்தார்.

யோவான் நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் காவலர் ஒருவர் இயேசுவைக் கன்னத்தில் அறைகிறார். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் திருப்பி அடிக்கவில்லை. வாய் மூடியும் இருக்கவில்லை. தாம் பேசியதில் தவறு என்ன, ஏன் அடித்தாய் என்று அவரிடமே கேட்கிறார். கை தானாக நீண்டது என்று அந்தக் காவலர் சொல்லியிருக்க முடியுமா?

உயிருக்கு ஆபத்து வரும்போது அளவோடு தடுத்துக்கொள்ளும் உரிமையைப் புனித தாமஸ் அக்வினாசும் ஏற்கிறார், திருச்சபையும் ஏற்கிறது. நம் வீடுகளில் விழும் அடி எந்த வகையில் தற்காப்பு?

ஆகவே அடிவாங்கும் மனைவியிடம், "மறு கன்னத்தைக் காட்டும்மா, பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கோ" என்று யாரும் சொல்ல வேண்டாம். ஏன் அடித்தாய் என்று கேட்பதற்கு அந்தச் சகோதரிக்கு ஆண்டவரே முன்மாதிரி. கேட்கப் பயமாக இருந்தால் அன்பியத்தில் நம்பிக்கையான ஒருவரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லட்டும். 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது. அடித்த சகோதரரும் வரலாம். அவரோடு தனியாகப் பேசுவோம். இருவரையும் உடனே எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் சொல்லச் சொல்லி அவசரப்படுத்த மாட்டோம்.